தேவதைக்கு வாழைநார், முருகனுக்கு முடி

மெரிடித் துரை பங்களாவில் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு விசேஷம் நடந்துகொண்டே இருக்கும். சீமை ராஜாவுக்குப் பிறந்தநாள், துரைசானிக்குப் பிறந்தநாள், அவர்கள் கல்யாண நாள், இதெல்லாம் போதாதென்று நாய்க்கும் பிறந்தநாள். நாயின் கழுத்தில் சிவப்பு நாடா கட்டி, முன்னால் கேக்கை வைத்து, குடும்பமே சுற்றி நின்று கைதட்டும். நாய் கேக்கை விழுங்கிவிட்டுக் கம்பளத்தில் கக்கும். அதை அள்ளுவது ஆயா அன்னக்கொடியின் வேலை.

"மனுசன் பொறந்ததுக்கே கொண்டாட என்ன இருக்குன்னு எனக்குத் தெரியல. இதுல நாய் வேற" என்று சமையல்கட்டில் வந்து சொல்வாள்.

"நாய்க்கு வயசாகுறது தொரைக்குச் சந்தோசம். நமக்கு வயசானாத்தான் சீட்டுக் கிழியும்" என்பான் சேக் பரீது. வத்தலக்குண்டிலிருந்து வந்த சமையல்காரன். அன்னக்கொடிக்குத் தம்பி வயது. வாய் மட்டும் அவளுக்கு அண்ணன்.

ஈஸ்டர் வந்தால் கோழிமுட்டையை அவித்து, சாயம் பூசி, தோட்டத்தில் ஒளித்து வைப்பார்கள். பெற்ற பிள்ளைகளை அதைத் தேட விடுவார்கள். பாதி முட்டையைக் கீரி தூக்கிப் போய்விடும். "வீட்டுக்குள்ள இருந்த முட்டையை வெளிய போட்டுட்டு, காணோம் காணோம்னு தேடுற சாதியை நான் கண்டதில்லை" என்று ஊருக்குப் போகும்போதெல்லாம் அன்னக்கொடி சொல்லிச் சிரிக்கவைப்பாள்.

அவள் ஊர் பேத்துப்பாறை. புருஷன் குழந்தைவேல், வெள்ளைக்காரர்களை நாற்காலியில் தூக்கி மலையேற்றிய ஆட்களில் ஒருவன். மோட்டார் ரோடு வந்ததும் அவன் தோளுக்குச் சோலி இல்லாமல் போயிற்று. கண்டிச் சீமைக்குத் தேயிலை பறிக்கப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். அன்னக்கொடி பங்களா பங்களாவாகப் பிள்ளை தூக்கினாள். வெள்ளைக்காரர்கள் பிள்ளையைப் பெறுவார்கள், ஆயாவிடம் கொடுப்பார்கள், சாயங்காலம் தேநீர் நேரத்தில் கோயிலுக்குப் போய்வருவதுபோல் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஏழெட்டு வயதானால் கப்பலேற்றிச் சீமைக்கு அனுப்பிவிட்டு, பிரிவு தாங்கவில்லை என்று மூக்குச் சிந்துவார்கள். இதுதான் அவள் கண்ட வெள்ளைக்காரப் பாசம்.

மெரிடித் துரைக்குக் கீழ்மலையில் காப்பித் தோட்டம், கொடைக்கானல் ஏரிக்கு மேலே பங்களா. பெண்ணுக்கு ஆறு வயது, பெயர் மோலி. பையன் ஜெரால்டுக்கு மூன்று முடிந்திருந்தது. தோளைத் தொடும் பொன்னிறச் சுருள்முடி அவனுக்கு. துரைசானி அதைக் காலையிலும் மாலையிலும் சீவச் சொல்வாள். சீவுவது அன்னக்கொடி. வருகிற சீமாட்டிகள் "ஆகா" என்றால் தலை நிமிர்த்துவது துரைசானி.

முப்பத்து நாலாம் வருஷம் ஐப்பசி மழையில் பையனுக்குக் காய்ச்சல் கண்டது. டாக்டர் வந்தார், போனார், மறுபடி வந்தார். துரைசானி அழுதாள். துரை குடித்தார். பிள்ளை மட்டும் ஆயாவின் மடியில் அனலாகக் கிடந்தது. கண் செருகிய நேரத்தில் அன்னக்கொடி முந்தானையைக் கிழித்து, மஞ்சளில் நனைத்து, ஒரு காசை முடிந்தாள். "பழனியப்பா, இந்தத் தலையில இருக்கிற முடி உனக்கு. உசுர மட்டும் விட்டுரு."

விடிவதற்குள் பிள்ளைக்கு வேர்த்துக் காய்ச்சல் இறங்கியது. டாக்டர் தன் மருந்தைப் பாராட்டிக்கொண்டு போனார்.

விஷயத்தைக் கேட்ட பரீது கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். "ஊரார் வீட்டு நெய்யே எம் பொண்டாட்டி கையேங்கற கதையாவுல்ல இருக்கு! தாயும் தகப்பனும் குத்துக்கல்லா இருக்கையில, அவுங்க பிள்ளை தலைய நேர்ந்துவிட நீ யாருக்கா?"

"அவுங்க நேர்ந்துக்கலையே!"

"சரி, கொடுக்கலேன்னா என்ன ஆகும்?"

அன்னக்கொடி பெற்றது ஒன்றே ஒன்று. அதற்கும் பழனிக்கு முடி நேர்ந்திருந்தாள். தைப்பூசத்துக்கு லீவு கேட்டபோது, அப்போது இருந்த பங்களாவில் விருந்து என்று விடவில்லை. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். அடுத்த வருஷம் பிள்ளை இல்லை. கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும்.

அதனால், செய்யக்கூடாத காரியம் ஒன்றைச் செய்தாள். துரைசானியிடம் போய் உண்மையைச் சொன்னாள்.

துரைசானி முன்ஷி வைத்துத் தமிழ் படித்தவள். வாயில் சுட்ட கிழங்கை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் பேசுவாள். "ஆயா, இது மூட வழக்கம். கடவுள் முடியைக் கேட்கமாட்டார். நல்ல இருதயத்தைக் கேட்பார்."

"இருதயத்தையும் கொடுப்போம்மா. மொதல்ல முடியக் கொடுத்துருவோம்."

"கூடாது. முடியைச் சாமிக்குக் கொடுப்பது காட்டுமிராண்டிகள் செய்வது."

இதைச் சொல்லும்போது துரைசானியின் விரல் கழுத்துச் சங்கிலியில் தொங்கிய தங்கச் சிமிழைத் தடவிக்கொண்டிருந்தது. அதற்குள் கண்ணாடிக்கு அடியில் அவளுடைய செத்துப்போன தாயின் முடி வளையமாகச் சுற்றி இருந்தது. அன்னக்கொடி அதைப் பார்த்தாள், துரைசானியின் முகத்தைப் பார்த்தாள், "சரிங்கம்மா" என்று சமையல்கட்டுக்கு வந்துவிட்டாள்.

"செத்தவ மசுரக் கழுத்துல கட்டிக்கிட்டுச் சோறு திங்கிறா. நான் காட்டுமிராண்டியாம்!"

"மெதுவாப் பேசுக்கா" என்றான் பரீது. "அவுக மசுரு தங்கச் சிமிழ்ல இருக்குல்ல. அதான் நாகரிகம்."

மார்கழி வந்தது. வெள்ளனே எழுந்து பார்த்தால் ஏரிக்கரைப் புல்லெல்லாம் உறைபனி உப்பைக் கொட்டியதுபோல் வெளுத்துக் கிடக்கும். துரை அந்தப் பனியை மிதித்துப் போய், ஊசியிலை மரம் ஒன்றை வெட்டி இழுத்துவந்து, வீட்டுக்குள் தொட்டியில் நட்டார். துரைசானி பஞ்சை உருண்டை உருண்டையாகப் பிய்த்து அதன்மேல் போட்டாள். பனி விழுந்திருக்கிறதாம். ஜன்னலுக்கு வெளியே நிஜப்பனி சும்மா கிடந்தது. அதை யாரும் சட்டை செய்யவில்லை.

கிறிஸ்துமசுக்கு முன்னால் துரைக்கு ஒரு யோசனை பிறந்தது. பையன் பெண்பிள்ளைபோல் இருக்கிறானாம். மூன்று வயது முடிந்துவிட்டதால் முடியை வெட்டி ஆம்பிளை ஆக்கவேண்டுமாம். கூடத்தில் நாற்காலி போட்டு, கழுத்தில் துண்டு சுற்றி, துரையே கத்தரிக்கோலை எடுத்தார். ஜெரால்டு அலறினான். துரைசானி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிள்ளையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னது, வழக்கம்போல, ஆயாவை.

ஒவ்வொரு சுருளாக அவள் மடியில் விழுந்தது. முருகனே பங்களாவுக்கு வந்து வாங்கிக்கொண்டான் என்று அன்னக்கொடிக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. தைப்பூசத்துக்கு எடுத்துக்கொண்டு போனால் முடிந்தது.

"அம்மா, இந்த முடிய நான் எடுத்துக்கிறேம்மா" என்றாள்.

"இல்லை, இல்லை. எனக்கு வேண்டும்." துரைசானி குனிந்து ஒரு முடி விடாமல் பொறுக்கினாள். ஒரு சுருளைச் சிமிழுக்கென்று எடுத்து வைத்தாள். மீதியைப் பசை தடவி, மரத்தின் உச்சியில் நிறுத்த வைத்திருந்த பொம்மைத் தேவதையின் மொட்டைத் தலையில் ஒட்டினாள். ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். "எவ்வளவு அழகு! நம் ஜெரால்டு முடி ஆண்டவர் பண்டிகைக்கு."

அன்னக்கொடி சாமிக்குக் கேட்டால் மூட வழக்கம். இவர்கள் பொம்மைக்கு ஒட்டினால் பண்டிகை. எரிச்சலுக்கு அடியில் பயமும் இருந்தது. நேர்ந்த முடியை வேறு இடத்துக்குக் கொடுத்தால், பழனியாண்டி கணக்கை யாரிடம் தீர்ப்பான்? வெட்டியவரிடமா, ஒட்டியவளிடமா? பிள்ளையிடம்தானே!

மறுநாள் வீட்டார் தேவாலயத்துக்குப் பாட்டுப் பழகப் போனதும் பரீதை ஏணி பிடிக்கச் சொன்னாள். பூக்கட்டும் வாழைநாரை வெள்ளனேயே பரபரவென்று மெல்லிசாகக் கிழித்து, நனைத்து, ஈர்க்குச்சியில் சுற்றி, அடுப்போரம் காயவைத்திருந்தாள். குச்சியை உருவியதும் சுருள் சுருளாக, வெளிறிய பொன்னிறத்தில் நின்றது. ஏணியில் ஏறி, தேவதையின் தலையிலிருந்த முடியைப் பிய்த்து மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு, அந்த நாரை அதன் இடத்தில் ஒட்டினாள்.

"அக்கா, மாட்டிக்கிட்டா ரெண்டு பேரு சீட்டும் கிழியும். வெரசா எறங்கு."

"ஏணியக் கெட்டியாப் பிடி, அது போதும். அவுங்க என்னைக்கு இந்தப் பிள்ளை தலைய ஒழுங்காப் பாத்துருக்காங்க? சீவுனது நான்."

அப்படியேதான் ஆயிற்று. கிறிஸ்துமஸ் அன்று ராத்திரி விருந்துக்கு வந்த சீமாட்டிகள் மரத்தைச் சுற்றி நின்றார்கள். "ஜெரால்டின் சொந்த முடி" என்று துரைசானி சொன்னதும் எல்லோரும் உருகினார்கள். ஒருத்தி எட்டித் தொட்டுப் பார்த்து, "பட்டு, பட்டு!" என்றாள். துரைசானிக்குக் கண் கலங்கியது. சிறுமலை வாழைமட்டையைப் பார்த்துக் கண் கலங்கிய துரைசானி கொடைக்கானலில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கவேண்டும். புட்டிங்கின்மேல் துரை பிராந்தி ஊற்றிக் கொளுத்தியபோது பரீது தட்டோடு குலுங்கினான். நெருப்புக்குப் பயப்படுகிறான் என்று எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

தை பிறந்தது. தைப்பூசத்துக்குப் பழனி போக லீவு கேட்டாள். கிடைக்கவில்லை. "போன முறை சொன்னேன் அல்லவா?" என்றாள் துரைசானி. அன்னக்கொடி அன்று சாயங்காலமே தலையில் அடித்துக்கொண்டு அழுதபடி வந்து, தங்கச்சி செத்துப்போனாள் என்றாள். அவளுக்குத் தங்கச்சியே கிடையாது. துரைசானி உடனே லீவு கொடுத்தாள், ஒரு டப்பா பிஸ்கட்டும் கொடுத்தாள். உண்மைக்குக் கிடைக்காத பிஸ்கட்.

காவடிக் கூட்டத்தோடு கூட்டமாக மலையிறங்கிப் பழனி போய்ச் சேர்ந்தாள். சரவணப் பொய்கைக் கரையில் முடியெடுப்பவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஞானவேல் என்பவர் முன்னால் போய் மஞ்சள் துணியை அவிழ்த்தாள்.

"என்னம்மா இது?"

"காணிக்கை முடிங்க. சாமிக்குச் சேத்துருங்க."

அவர் பொன்னிற முடியை விரலால் புரட்டினார். "தலை எங்க?"

"தலை கொடைக்கானல்ல இருக்குங்க."

"யாரு பிள்ளை?"

"தொரை பிள்ளைங்க."

சுற்றியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். "ஏம்மா, கல்யாணத்துக்கு மாப்பிள்ளைய விட்டுட்டு வேட்டிய மட்டும் கொண்டாந்தா தாலி கட்டுவாங்களா?" என்றார் ஞானவேல். "தலை இங்க வந்து குனியணும். கத்தியில எறங்குனதுதான் காணிக்கை. இது கழிச்சுப்போட்ட மசுரு. எடுத்துக்கிட்டுப் போ. அடுத்த ஆளு வாங்க!"

அன்னக்கொடி நகரவில்லை. கொண்டையை அவிழ்த்து இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டு, அவர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நேர்ந்துக்கிட்ட வாய் என்னுது. தலையும் என்னுதே இருக்கட்டும். எடுங்க."

"உனக்கு எதுக்கும்மா? யாரோ வெள்ளைக்காரன் பிள்ளைக்கு..."

"பிள்ளை வெள்ளைன்னு சாமி சொன்னாரா, நீங்க சொல்றீங்களா? சோலியப் பாருங்க."

அவர் தண்ணீர் தெளித்துக் கத்தியை வைத்தார். கறுப்பும் நரையுமாகக் கொத்துக் கொத்தாக விழுந்த முடியின்மேல் அவள் அந்தப் பொன்னிறச் சுருள்களைத் தன் கையால் போட்டாள். வாரிக்கொண்டு போனவர் இரண்டையும் சேர்த்தே கூடையில் வாரினார்.

சந்தனம் பூசிய தலையோடு பங்களாவுக்குத் திரும்பினாள். துரைசானி அவளைக் கண்டதும் இரண்டு அடி பின்னால் போனாள். பரீது குறுக்கே புகுந்து, தங்கச்சி சாவுக்கு எடுத்த மொட்டை என்று சமாளித்தான். துரைசானி "பாவம், பாவம்" என்றாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள். மோலிக்குப் பிறந்தநாள் வருகிறது, சீமாட்டிகள் வருவார்கள், இந்தத் தலையோடு எப்படி அவர்கள் முன்னால் பிள்ளை தூக்குவது? "முடி வளர்ந்த பிறகு வா, ஆயா. கொண்டை போடும் அளவு வளரட்டும்."

ஜெரால்டு ஓடிவந்து அவள் மேல் ஏறி, மொட்டைத் தலையைத் தபேலாபோல் தட்டிச் சிரித்தான். அவன் கையைக் கழுவ துரைசானி சோப்பு எடுக்கத் திரும்பிய நேரத்தில் அன்னக்கொடி மடியிலிருந்த திருநீற்றை அவன் நெற்றியில் இட்டு, முந்தானையால் லேசாகத் துடைத்துவிட்டு, மூட்டையைத் தூக்கிக்கொண்டாள்.

சில வாரம் கழித்துப் பரீது கோழி வாங்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு பேத்துப்பாறைக்கு வந்தான். அன்னக்கொடி வாசலில் உட்கார்ந்து பூண்டைக் கத்தை கட்டிக்கொண்டிருந்தாள். தலையில் முள்முள்ளாக முடி கிளம்பியிருந்தது.

"புது ஆயா ஒருத்தி வந்தா, ஓடிட்டா. ஜெரால்டு பாபா அவளைக் கடிச்சு வச்சுட்டான். ராத்திரிக்குத் தூங்க மாட்டேங்கிறான். தொரசானியே தூக்கிக்கிட்டு நடக்கிறா, பாவம், ரெண்டு கண்ணும் பொங்கிப்போச்சு. தலையில ஒரு துணியக் கட்டிக்கிட்டாவது ஆயா வரட்டும்னு சொல்லிவிட்டா. கெளம்புக்கா."

"கொண்டை போடுற அளவுன்னு சொன்னா. இன்னும் வளரலையே."

"வீம்பு பண்ணாதக்கா."

"வீம்பு என்ன? பெத்தவ தூக்கிக்கிட்டு நடக்கிறான்னா நல்லதுதான். மூணு வருசம் கழிச்சாவது பிள்ளை எம்புட்டு கனம்னு தெரியட்டும்." ஒரு கத்தையை இறுக்கி முடிச்சுப் போட்டாள். அடுத்ததைக் கையில் எடுத்தவள், அதைப் பார்த்தபடியே கேட்டாள்: "காய்ச்சல் கீச்சல் வந்துச்சா பிள்ளைக்கு?"

"காய்ச்சலா? வீட்டையே ரெண்டாக்குறான். நாய் வாலைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுத் திரியிறான்."

"மூச்சு இளைக்கலையே?"

"இளைக்கிறது நாங்கதான்."

அன்னக்கொடி பூண்டுக் கத்தையை எடுத்து அவன் பக்கம் தள்ளிவிட்டாள்.

"அப்பச் சரி. சும்மா நிக்காம ஒக்காந்து நாலு கத்தை கட்டு. தொரசானி இன்னும் ரெண்டு மாசம் நடக்கட்டும்."