ஒரு சாண் தள்ளி நின்ற நாற்காலி

மூத்த மருமகளை வீட்டில் நகல்காரி என்றுதான் சொல்வார்கள். அருங்காட்சியகத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, பழைய மேதைகளின் ஓவியங்களைப் பார்த்து வரைந்து விற்பது அவள் தொழில். அங்கே ஒரு விதி உண்டு. அசலின் அளவிலேயே நகல் எடுக்கக் கூடாது; யாராவது அதை அசல் என்று விற்றுவிடலாம். அதனால் எதையும் ஒரு சாண் குறைத்தே வரைவாள். வருஷக்கணக்கில் வரைந்து அந்தக் குறைவு கையோடு ஒட்டிக்கொண்டது.

செத்துப்போன ஓவியர்கள்மேல் அவளுக்குப் பொறாமை வந்ததே இல்லை. பொறாமைக்குத் தூரம் ஆகாது. பக்கத்து அறையில் கொழுந்தன் மனைவி, அவள் ஓரகத்தி, இருந்தாள்.

ஓரகத்திக்கு ஒரு கோடு நேராகப் போட வராது. உடைந்த விளக்கு, கிழிந்த திரை என்று அள்ளிக்கொண்டு வந்து அடுக்குவாள். அதற்கு நிறுவல் கலை என்று பெயர். பத்திரிகையில் படம் வரும். மாமியார் அதை வெட்டி அலமாரிக் கண்ணாடியில் ஒட்டுவார். நகல்காரி வரைந்தது ஒன்றுகூட அந்த வீட்டுச் சுவரில் ஏறியதில்லை.

இந்த முறை ஓரகத்தி எடுத்துக்கொண்டது ஒரு பழைய விருந்து ஓவியம். நீண்ட மேசையின் முன்பாதியும் நாற்காலிகளும் நிஜமாக நிற்கும். பின்பாதியும் விருந்தாளிகளும் பின்னால் திரையில். இரண்டும் சேர்ந்து ஒரே மேசையாகத் தெரிய வேண்டும்.

“அக்கா, திரையை நீங்கதான் வரைஞ்சு தரணும். வேற யாருக்கு இந்தக் கை இருக்கு?”

“என் கை இப்பதான் கண்ணுல பட்டுச்சாக்கும்.”

“சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். சரின்னு சொல்லுங்க.”

சரி என்றாள். கணவனுக்குச் சிரிப்பு.

“அவளுக்கு எடுபிடியா போகப்போறியா?”

“திரை ஏறட்டும். யாரு யாருக்கு எடுபிடின்னு ஊரே சொல்லும்.”

ஒரே ஒரு முறை, ஓரகத்தியின் பெயர் போட்ட இடத்தில் நின்று, எல்லோரும் தன் கையைப் பற்றிப் பேச வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். விருந்தாளிகளில் ஒரு கிழவியின் பட்டு மடிப்புக்காக மட்டும் வாரக்கணக்கில் கண்ணைக் கெடுத்துக்கொண்டாள்.

திரையை மாட்டிய அன்று மேசையின் இடது ஓரம் அச்சாகப் பொருந்தியது. வலது ஓரத்தில் திரை ஒரு சாண் முன்னாலேயே முடிந்துவிட்டது. கடைசி நாற்காலி வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. பழக்கம் செய்த வேலையா, வயிற்றெரிச்சல் செய்த வேலையா என்று அவளுக்கே தெரியவில்லை. பதறிப்போனாள், அந்தப் பதற்றத்துக்கு அடியில் கொஞ்சம் குளிர்ச்சியும் இருந்தது.

ஓரகத்தி நாற்காலியையே வெகுநேரம் பார்த்தாள். “இப்படியே இருக்கட்டும்” என்றாள்.

கண்காட்சியின் திறப்பு நாளில் கூட்டம் முழுக்க அந்த நாற்காலிக்கு முன்னால்தான். பந்தியில் இடம் கிடைக்காதவன் நாற்காலி என்றார் ஒருவர். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரைப்பக்கம் யாரும் திரும்பவில்லை.

நகல்காரி ஓரகத்தியைத் தூண் மறைவுக்கு இழுத்தாள்.

“அது தப்புடீ. அளவுல நான் பண்ண தப்பு.”

“தெரியும்க்கா. தலைகீழா நின்னாலும் எனக்கு அது தோணியிருக்காது. உங்க மேல அவ்வளவு பொறாமையா இருந்துச்சு.”

இத்தனை வருஷம் அவள் ஏங்கிய சொல் அது. வந்தது, வேறு ஏதோ முகவரிக்கு வந்ததுபோல் இருந்தது.

“அந்தக் கிழவியோட பட்டு மடிப்பைப் பாத்தியா?”

“பாத்தேனே. அசல்ல இருக்கிற மாதிரியே இருக்கு.”

நகல்காரி விறுவிறுவென்று போய்த் தடுப்புக் கயிற்றைத் தாண்டி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். காவலாளி ஓடிவந்தார்.

“அம்மா, எந்திரிங்க. இது கலைப்பொருள்.”

“தெரியும்” என்றாள் அவள். எழுந்திருக்கவில்லை.