போறணைக் குலசிங்கம்

எந்த வீட்டுக்குப் போனாலும் குலசிங்கம் குளிர்காயும் கணப்பு நெருப்புக்குக் கிட்டப் போகமாட்டார். நேரே எதிர்ச்சுவருக்குப் போய், அதில் புறங்கையை வைப்பார். சுவர் குளிர்ந்திருந்தால், "இந்த நெருப்பு ஆருக்கு? ஆகாயத்துக்கோ?" என்று கேட்பார்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைக் கைகழுவியவர். சாவகச்சேரி பேக்கரியில் பன்னிரண்டு வருடம் போறணை என்ற கல்லடுப்பின் வாசலில் நின்று, எரிந்த விறகை வெளியே இழுத்துப் போட்டபிறகு வெறும் கல்லுச் சூட்டிலேயே முந்நூறு றாத்தல் பாண் வேகவைத்த மனிதர். நாடு விட்டு நாடு வந்து, இன்று புக்கெகோஹியில் வெங்காயம் பொதிசெய்யும் கொட்டகைக்கு அவர்தான் மேற்பார்வை. லின்ஃபீல்டில் சொந்த வீடு. "ஒரு கடதாசி இல்லை. இதுதான் என்ரை சேட்டிபிக்கட்" என்று தழும்பேறிய உள்ளங்கையை விரிப்பார். பார்க்காமல் தப்பியவர் கிடையாது.

எண்பத்தாறாம் ஆண்டு, ஆடி மாதம். பூமியின் இந்தத் தென்கோடியில் அதுதான் கடுங்குளிர்காலம். இரண்டு தெரு தள்ளி ஜெயரட்ணம், யோகராணி தம்பதியின் வாடகை வீடு. எட்டாம் மாதமே பிறந்த அவர்கள் பெண் குழந்தை இன்னும் ஆஸ்பத்திரியில். வெள்ளிக்கிழமை தாதி வந்து அறைச் சூட்டை அளப்பாள். போதுமென்றால்தான் பிள்ளை வீடு வரும். ஜெயரட்ணம் என்ஜினியர். டிரெயிலர் நிறைய விறகு எரித்தும் அறை விறைத்துக் கிடந்தது.

செவ்வாய் மாலை குலசிங்கம் எங்கோ இடித்த பேக்கரியின் பழைய போறணைக் கல் சுமந்து வந்தார். கணப்பின் ஆழத்தைக் குறைத்து, பின்பக்கத்தை முன்னே சாய்த்து, பக்கங்களை அகட்டி அடுக்கினார். "சூடு புகைக்கூட்டுக்கை ஓடக்கூடாது, தம்பி. ஆக்களைப் பாத்து நிக்கோணும்."

"எத்தினை டிகிரி சாய்வு, அண்ணை?" ஜெயரட்ணத்தின் கையில் பென்சில்.

"அது உம்மடை பென்சிலுக்குத் தெரியும். எனக்குக் கல்லைத் தெரியும்."

புதன் மாலை வந்து சுவரைத் தொட்டார். குளிர். முகம் கறுத்துவிட்டது. குனிந்து, இன்னும் மூட்டாத கணப்பைத் தடவினார், கல்லெல்லாம் ஈரம்.

"ஆர் இதுக்கை தண்ணி ஊத்தினது?"

"நான்தான் அண்ணை," என்றாள் யோகராணி. "ஒவ்வொரு பின்னேரமும் சாம்பலை வழிச்செடுத்து, கழுவித் துடைச்சுத்தானே மூட்டுறனான். அடுப்பெல்லோ? சாம்பலோடை விட்டால் மூதேவி வந்து குந்திடும்."

குலசிங்கம் வயிறு குலுங்கச் சிரித்தார். "பிள்ளை, நெருப்பின்ரை பாயைச் சுருட்டி வெளியிலை எறிஞ்சுபோட்டு, அதைப் படு எண்டு சொல்லுறாய்! சாம்பல் ரண்டு விரல் மொத்தத்துக்குக் கிடக்கோணும். அதுக்குள்ளைதான் தணல் உயிரோடை கிடக்கும். காய்ஞ்ச கல்லுத்தான் விடியுமட்டும் சூடு தரும்."

வீட்டுக்குப் போய், தன் கணப்புச் சாம்பலைப் பால்மா டின்னில் அள்ளிவந்து பரப்பினார். வியாழன் வேலைக்குப் போகுமுன் ஒருதரம், வந்தபின் ஒருதரம் வந்து பார்த்தார்.

வெள்ளி காலை. தொட்டில் வைக்கவேண்டிய மூலையில் தாதி வெப்பமானியை வைத்தாள். ஜெயரட்ணம் அதையே பார்த்தபடி நின்றார். குலசிங்கம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவர் புறங்கை சுவரில் இருந்தது.

"இருபது," என்றாள் தாதி. "நாளைக்கே கூட்டிவரலாம்."

யோகராணி நிலத்தில் உட்கார்ந்து சேலைத்தலைப்பில் முகத்தைப் புதைத்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "பிள்ளை நாளைக்கு வாறாள், அண்ணை. அதுக்கு முதல் இதெல்லாத்தையும் ஒருக்காக் கழுவி..."

குலசிங்கம் கணப்பருகே சாத்தியிருந்த, கூட்டும் தும்புத்தடியைக் கக்கத்தில் இடுக்கினார். மற்றக் கையில் அவள் கழுவும் வாளியைத் தூக்கினார். தெருவில் இறங்கித் தன் வீட்டைப் பார்த்து நடந்தார்.