ரோஸ் சுவரில் ஓர் ஆணி

இருபத்தெட்டு வருஷம் நாட்டின் தலைநகரில், சரோஜினி நகரில் அரசுக் குடியிருப்பு. சுவரெல்லாம் சர்க்கார் வெள்ளை. அதில் ஓர் ஆணி அடிக்க நான் விட்டதில்லை. காலி செய்யும்போது பதில் சொல்ல வேண்டியவன் நானல்லவா! முன்பிருந்தவர் விட்டுப்போன ஒற்றை ஆணியில் காலண்டர் தொங்கியது. எங்கள் கல்யாணப் படம் டிரங்குப் பெட்டியில் கம்பளிக்கு அடியில் கிடந்தது. அக்கம்பக்கத்து வீடுகளில் கைக்கெட்டிய இடமெல்லாம் ஆணி. "அவுகளையெல்லாம் ஜெயில்லயா போட்டுட்டாவ?" என்று என் மனைவி அவ்வப்போது விசாரிப்பாள்.

ஓய்வு பெற்றதும் அதே ஊரில், துவாரகாவில் சொந்த ஃபிளாட் வாங்கினோம். சாவி கைக்கு வந்த அன்றே சொல்லிவிட்டாள்: "ஹாலுக்கு இளம் ரோஸ். நடுச்சுவத்துல நம்ம படம். இதுல நீங்க வாயத் தொறக்கப்பிடாது."

திறந்தேன். "பஞ்சுமிட்டாய்க் கடையா வைக்கப் போற?"

"ஆஸ்பத்திரியில குடியிருந்த மாதிரி இத்தன வருசம் ஓட்டியாச்சு. மிட்டாய்க் கடையாவே இருந்துட்டுப் போகட்டும்."

பெயிண்டர் விரித்த வண்ண அட்டையில் ஏகப்பட்ட ரோஸ். எனக்கு எல்லாம் ஒன்றுதான். அவளோ ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தரம், டியூப்லைட்டுக்குக் கீழே ஒரு தரம் பிடித்துப் பார்த்தாள். பெண் பார்க்கப் போன அன்று என்னைக்கூட அவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

இரண்டாம் கோட்டும் முடிந்து, அலமாரிக்குப் பின்பக்கம் மட்டும் பாக்கியிருந்த சமயம், பெயிண்டரைத் தனியே அழைத்து, எனக்குத் தெரிந்த ஹிந்தியில் ரகசியமாகச் சொன்னேன்: பையா, அலமாரிக்குப் பின்னால் கொஞ்சம் பழைய வெள்ளையாகவே விட்டு வை. கூரைக்கு அடித்ததில் மிச்சமான வெள்ளை டப்பாவையும் நன்றாக மூடி அங்கேயே வை. காலி செய்யும்போது பழையபடி அடித்துக் கொடுக்க வேண்டும்.

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "சாப், கர் தோ ஆப்கா ஹை!"

வீடு என்னுடையதுதான். அவன் போட்ட சத்தம் சமையலறைவரை கேட்டது. கரண்டியோடு வந்துவிட்டாள்.

"யாருக்குத் திருப்பிக் குடுக்கப் போறிய?"

சாமான்களோடு சாமானாக அந்தப் பயத்தையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டு மதுரைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னக்கா, பொண்ணு வயசுக்கு வந்த சடங்கு வீடு கணக்கா ஜொலிக்குது?"

"ஆமா தம்பி. உங்க அண்ணாச்சிக்கு இப்பத்தான் விவரம் தெரியிற வயசு வந்துருக்கு."

சுவர் காய்ந்ததும் சுத்தியலை என் கையில் கொடுத்து, "நீங்கதான் அடிக்கணும்" என்றாள். முதல் ஆணி வளைந்தது. இரண்டாவது இறங்கியபோது காசளவு பூச்சு பெயர்ந்து விழுந்தது. கணக்குக் கேட்க யாரோ வருவதுபோல் என் கண் தானாக வாசல் பக்கம் போனது. அப்புறம் அலமாரிக்குப் பின்னால் துழாவினேன்.

"வெள்ளை டப்பாவா? அத அந்தப் பையாகிட்டக் குடுத்தனுப்பிட்டேன்" என்றபடி படத்தை மாட்டினாள்.