"ஆஷ்சி" என்று சொல்லிவிட்டுப் போனவர்

போன குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் நடந்தது இது. கணவருக்கு ரயில்வேயில் மாற்றலாகி, கார்டன் ரீச் அலுவலகத்துக்காக நாங்கள் கொல்கத்தா வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வீடு லேக் கார்டன்ஸில். கல்லூரியில் படிக்கும் என் மகள், வருடக்கணக்காகக் காத்திருந்த ஒரு விண்வெளிப் படத்தின் இரண்டாம் பாகத்துக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தாள். அன்றைக்கென்று பார்த்துக் காய்ச்சல். டிக்கெட் வீணாகக் கூடாது என்று என்னை நெட்டித் தள்ளினாள்.

"நீ போயிட்டு வாம்மா. ஆனா முடிவை மட்டும் எங்கிட்ட சொல்லிடாத."

முதல் பாகத்தை நான் பார்த்ததே இல்லை. என் மூக்குக் கண்ணாடிக்கு மேலே முப்பரிமாணக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு, அத்தனை பெரிய திரைக்கு முன்னால் திருதிருவென்று முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரங்கம் முழுக்கக் கல்லூரிப் பிள்ளைகள். என் பக்கத்து இருக்கையில் மட்டும் கஞ்சி போட்ட பருத்திப் புடவையும் பெரிய பொட்டுமாக ஒரு பெங்காலி அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். நானாவது மகளுக்குப் பதிலாக வந்தவள், இவர் எதற்கு இந்தப் படத்துக்கு வந்திருக்கிறார் என்று எனக்குள் குறுகுறுப்பு. ஊர் விஷயம் தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பேச்சுக் கொடுத்துவிட்டேன்.

வங்கியில் வேலையாம். முதல் பாகத்தை மூன்று தடவை பார்த்திருக்கிறாராம். வீட்டில் எல்லோரும் கேலி செய்வதால் தனியாகவே வந்துவிடுவாராம். உறைந்துபோன ஒரு கிரகத்தில், மற்றவர்களைத் தப்பவைத்துவிட்டுத் தான் மட்டும் தங்கிவிட்ட ஒரு பெண் கேப்டன். அவள் உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்று சொல்லாமலே முதல் பாகத்தை முடித்துவிட்டார்களாம். விளம்பரங்கள் ஓடி முடிவதற்குள் பாதி இந்தி, கொஞ்சம் ஆங்கிலம், மீதி பெங்காலி என்று கதை முழுவதையும் சொல்லி முடித்தார். கைகளே விண்கலமாகப் பறந்தன. நான் அவரை தீதி என்று கூப்பிட்டேன், பெங்காலியில் அக்கா. விளக்கு அணைந்தபோது, அந்தக் கேப்டன் என்ன ஆனாளோ என்ற கவலை என்னையும் பிடித்துக்கொண்டிருந்தது.

படம் என்றால் படம்! பனிக்கடல் பிளக்கிற சத்தத்தில் நெஞ்சுக்கூடே அதிர்ந்தது. அத்தனை ஆழத்துக்கு அடியிலிருந்து ஏதோ ஒரு தட்டல் சத்தம் கேட்க, மேலே இருப்பவர்கள் காதைப் பனியில் வைத்துக் கேட்கும்போது இடைவேளை விட்டுவிட்டார்கள்.

வெளிச்சம் வந்ததும் தீதியைப் பார்த்தேன். முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏசி குளிருக்கு நான் சால்வையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தேன், அவருக்கோ வேர்த்திருந்தது. அது ஏனோ அப்போது என் மண்டையில் ஏறவில்லை. என் கையை லேசாக அழுத்தி, "ஆஷ்சி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அந்த வார்த்தை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் தெரு டீக்கடைக்காரர் நாள் முழுக்க "ஆஷ்சி, ஆஷ்சி" என்றுதான் குரல் கொடுப்பார். வருகிறேன் என்று அர்த்தம். சரி, பாத்ரூம் போய்விட்டு வரப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். கதை சொன்ன புண்ணியத்துக்கு அவருக்கும் சேர்த்து இரண்டு கோலா வாங்கி வந்தேன்.

படம் மறுபடி ஆரம்பித்தது. பனியைக் குடைந்துகொண்டு இறங்குகிறார்கள். தீதி வரவில்லை. தட்டல் சத்தம் நெருங்குகிறது. தீதி வரவில்லை. இத்தனை வருடம் காத்திருந்தவர் இந்தக் கட்டத்தை எப்படி விடுவார்? என் கண் திரையில் ஒரு நிமிஷம், வாசல் கதவில் ஒரு நிமிஷம். கடைசியில் பொறுக்கமுடியாமல் அவருடைய கோலாவைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பாத்ரூமில் யாரும் இல்லை. வெளியே நின்ற காவலாளியிடம் அடையாளம் சொல்லிக் கேட்டேன். லிப்டில் கூட்டமாக இருந்ததால் அந்த அம்மா படிக்கட்டு எங்கே என்று கேட்டு, இடைவேளையிலேயே வீட்டுக்குப் போய்விட்டார் என்றார். அதெப்படி, என்னிடம் ஆஷ்சி என்று சொன்னாரே என்று நான் விடாமல் மல்லுக்கு நின்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிளம்புகிறவர்கள் அப்படித்தான் சொல்லுவார்கள், போகிறேன் என்று எங்கள் ஊரில் யாரும் வாயால் சொல்லமாட்டார்கள் என்றார்.

எனக்கு அசடு வழிந்தது. நாம் மட்டும் என்னவாம்? வாசலில் நின்று "வரேன்" என்று சொல்லிவிட்டுத்தானே கிளம்புகிறோம். இது எனக்குப் புரியாமல் போயிற்றே என்று திரும்பி நடந்தேன். ஆனால் கால் போகவில்லை. வியர்த்திருந்த அந்த நெற்றி அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்டித்தான் பார்ப்போமே என்று படிக்கட்டுக் கதவைத் தள்ளினேன்.

முதல் வளைவிலேயே புடவைத் தலைப்புத் தெரிந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் செருகிக்கொண்டிருந்தது, கை நடுங்கிக்கொண்டிருந்தது. காவலாளியைக் கத்திக் கூப்பிட்டேன். என் கணவருக்குச் சர்க்கரை இறங்கிவிட்டால் இதே மாதிரிதான் ஆகும். தீதியைக் கூப்பிட்டுப் பார்த்தேன், முனகினார். தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு கோலாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். விழுங்கினார். விழுங்கவேண்டுமே என்று நான் வேண்டாத தெய்வம் இல்லை.

காவலாளி சக்கர நாற்காலி எடுத்துவர ஓடினார். அப்போது அரங்கத்துக்குள்ளிருந்து அத்தனை பேரும் கைதட்டுகிற சத்தம் படிக்கட்டு வரைக்கும் கேட்டது. தீதி மெல்லக் கண்ணைத் திறந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"அந்தப் பொண்ணு உயிரோட இருக்காளா?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. தெரியாது தீதி, நானும் பார்க்கவில்லை என்றேன். அவர் கணவர் வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வரை என் கையை அவர் விடவே இல்லை. சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, படம் ஆரம்பித்துவிடுமே என்று மதியம் சாப்பிடாமல் ஓடிவந்திருக்கிறார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் ஆபத்தாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

வீட்டுக்கு வந்ததும் மகள் காதைப் பொத்திக்கொண்டு, "முடிவைச் சொல்லிடாத" என்றாள். எனக்கே தெரியாதுடி என்றேன்.

தீதி தேறியதும் அவரே போன் செய்தார். இரண்டு பேரும் மறுபடி அதே படத்துக்குப் போனோம். முதலில் என் எதிரிலேயே அவரைச் சாப்பிடவைத்துத்தான் உள்ளே கூட்டிப்போனேன். கேப்டன் உயிரோடுதான் இருந்தாள், அரங்கத்திலேயே எங்கள் கைதட்டல்தான் பெரிதாகக் கேட்டிருக்கும். அன்று இடைவேளையில் பாத்ரூம் போக எழுந்த நான், பழக்கதோஷத்தில் "ஆஷ்சி" என்று சொல்லிவிட்டேன். தீதி சட்டென்று என் சால்வையைப் பிடித்துக்கொண்டு, "கோன் ஆஷ்சி?" என்றார். எந்த ஆஷ்சி என்று கேட்கிறார்.

இப்போதெல்லாம் மகளோ கணவரோ "வரேன்" என்று சொல்லிக் கிளம்பும்போது சும்மா தலையாட்டிவிட என்னால் முடிவதில்லை. அப்படிச் சொல்லிவிட்டுப் போகிற ஒவ்வொருவருக்கும், வரவில்லையே என்று எழுந்துபோய்ப் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்று அந்தப் படிக்கட்டில்தான் நான் தெரிந்துகொண்டேன்.