மேடை என்று வரும்போது

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். யாராவது கணினியில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதைப் பார்த்தால் கை துறுதுறுவென்று வரும். ஃபேரர் பார்க்கில் ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கும் இசைப்பள்ளியிலிருந்து மனைவியை அழைத்துவரப் போயிருந்தேன். வகுப்பு முடியவில்லை. அங்கே அலுவலக வேலை பார்க்கும் ஒரு அம்மா மாணவர்களின் ஆண்டு ரிப்போர்ட்டைத் தயாரித்துக்கொண்டிருந்தார். டேட்டாபேஸில் ஒரு பெயரைத் தேடுவது, ஆசிரியர் எழுதிய குறிப்பை காப்பி செய்வது, வேர்டில் ஒட்டுவது, பிடிஎஃப்பாகச் சேமிப்பது, மின்னஞ்சலில் அனுப்புவது. அப்புறம் அடுத்த பெயர். நூற்று நாற்பது பேருக்கு இப்படி மூன்று நாள் ஆகும் என்றார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஒரே பட்டனில் முடித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கீழே இறங்கி வந்ததும் மனைவிக்கு விஷயம் தெரிந்தது. அவள் முகத்தில் பெருமையைத் தேடினேன். கவலைதான் இருந்தது.

காரணம் இருந்தது. அவள் வயலின் கற்றுக்கொள்ள ஆரம்பித்தது நாற்பத்தேழு வயதில். பகல் முழுக்க பிடோக்கில் ஒரு கிளினிக் கவுண்டரில் உட்கார்ந்து நோயாளிகளுக்கு எண் கொடுப்பாள். சாயங்காலம் புக்கிட் பாஞ்சாங் வீட்டுக்கு வந்து, சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு வில்லைக் கையில் எடுப்பாள். முதல் வருஷம் நான், யாரோ பூனை வாலை மிதிச்சுட்டாங்க போல என்று ஹாலிலிருந்தே குரல் கொடுப்பேன். அவள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பாள். நிறுத்த மாட்டாள்.

பள்ளியின் ஆண்டு விழாவில் யார் மேடையேறுவது என்பது அந்த ரிப்போர்ட்டின் கடைசி வரியில்தான் இருக்கும். முதல் இரண்டு வருஷமும் அவளுக்கு 'அடுத்த ஆண்டு பார்க்கலாம்' என்றே வந்தது. இந்த வருஷமும் அதே பதில் என்றால் பள்ளியில் இரவல் வாங்கிய வயலினைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நின்றுவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். ஐம்பது வயதுக்கு மேல் கீழே உட்கார்ந்து கைதட்டிக்கொண்டே இருக்க முடியாதாம். சும்மா சொல்கிற ஆளில்லை அவள்.

ரயிலில் என்னிடம் ஒரு சத்தியம் வாங்கினாள். "என் ரிப்போர்ட்டை மட்டும் நீங்க திறந்து பார்க்கக் கூடாது. திட்டோ பாராட்டோ, நான்தான் முதல்ல பார்ப்பேன்."

சரி என்றேன். அவளுடையதை என்ன, யாருடையதையுமே படிக்க மாட்டேன் என்று நல்ல பிள்ளையாகச் சொன்னேன். அந்த நல்ல பிள்ளைத்தனம்தான் வினையானது.

இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து ஸ்கிரிப்ட்டை எழுதினேன். பள்ளியின் பழைய கணினி ஒன்றில் ஓடும் சின்ன நிரல். டேட்டாபேஸிலிருந்து ஒவ்வொரு மாணவராக எடுக்கும், ரிப்போர்ட் படிவத்தில் நிரப்பும், பிடிஎஃப்பாக்கும், அவரவர் மின்னஞ்சலுக்கு அனுப்பும். பாட்டும் வீணையும் சேர்த்துப் படிக்கிற பிள்ளைகளுக்கு ரிப்போர்ட் இரண்டு தடவை போய்க்கொண்டிருந்தது. ஒரே மாதிரி இருப்பதை ஒருமுறை மட்டும் எடு என்று ஒரு வார்த்தை சேர்த்தேன், சரியாகிவிட்டது. சோதித்துப் பார்க்க ஆசிரியர் குறிப்பு இடத்தில் எல்லாருக்கும் 'நன்று' என்று போட்டுப் பார்த்தேன். நூற்று நாற்பது நன்றும் அழகாக வந்தன. அலுவலக அம்மா எனக்கு ஒரு தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

திங்கட்கிழமை ஆசிரியர்கள் நிஜக் குறிப்புகளை ஏற்றி முடித்ததும் பட்டனை அழுத்தினேன். பதினொரு நிமிஷம். ஆபீசில் எல்லாரிடமும் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் வயலின் பெட்டி அலமாரிக்கு மேலே இருந்தது. குடைக்கும் பழைய மின்விசிறிக்கும் நடுவில். மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ரிப்போர்ட் வந்ததா என்று கேட்டேன். வந்தது என்றாள். அதோடு சரி. சத்தியம் பண்ணியவன் வேறென்ன கேட்பது? செவ்வாய்க்கிழமையும் பெட்டி இறங்கவில்லை. சோறு வெந்தது, பக்கத்து வீட்டு டிவி கேட்டது, வேறு சத்தமே இல்லை. சனிக்கிழமை போய்க் கொடுத்துவிட்டு வந்துவிடலாம், நீங்களும் வாங்க என்று மட்டும் சொன்னாள்.

புதன்கிழமை மத்தியானம் அலுவலக அம்மாவிடமிருந்து போன். காலையிலிருந்து பெற்றோர்கள் அழைத்துக்கொண்டே இருக்கிறார்களாம். வருஷம் முழுக்க அனுப்பின பிள்ளையைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தைகூடச் சொல்ல இல்லையா என்று ஒருவர் கேட்டாராம். இரண்டு பேர் நின்றுகொள்கிறோம் என்றார்களாம். மிருதங்கம் படிக்கும் ஒரு பிள்ளையின் ரிப்போர்ட் 'இருந்தாலும்' என்பதோடு முடிந்திருக்கிறது.

ஆபீஸ் விட்டதும் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினேன். பத்து நிமிஷத்தில் பிடிபட்டது. ஒரே மாதிரி இருப்பதை ஒருமுறை மட்டும் எடு என்று நான் சேர்த்தேனே, அந்த வார்த்தை இருந்தால் அந்த டேட்டாபேஸ் எவ்வளவு நீளமான குறிப்பையும் இருநூற்று ஐம்பத்தைந்து எழுத்தோடு வெட்டிவிடும். அதிலும் தமிழில் புள்ளியும் கொம்பும் தனித்தனி எழுத்தாகக் கணக்கு. ஐந்தாறு வரிகூடத் தேறாது. 'நன்று' என்று சோதித்தவனுக்கு அது எங்கே தெரியப்போகிறது?

வெட்டினதுகூடப் பரவாயில்லை. நம் ஆசிரியர்கள் எழுதுகிற முறை இருக்கிறதே, அதுதான் கழுத்தை அறுத்தது. முதலில் குறை, அப்புறம் இன்னும் கொஞ்சம் குறை, கடைசியில், பிள்ளைக்குத் தலைக்கனம் ஏறிவிடக் கூடாதே என்ற பயத்தோடு ஒரு வரி பாராட்டு. நூற்று நாற்பது குடும்பத்துக்கும் நான் திட்டை மட்டும் அனுப்பி, பாராட்டைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். அவளுக்கும்தான்.

அந்த ஒரு வார்த்தையை எடுத்தேன், வேறு வழியில் வடிகட்டினேன். தப்பு முழுக்க என்னுடையது, ஆசிரியர்கள்மேல் கோபப்படாதீர்கள் என்று ஒரு கடிதம் சேர்த்து எல்லாருக்கும் மறுபடி அனுப்பினேன். அவள் ஃபைல் திரையில் கடந்து போனது. திறக்கவில்லை. அந்த ஒரு விஷயத்திலாவது யோக்கியனாக இருந்தேன்.

வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லி, புதியதைப் பார் என்றேன். போனை எடுத்து நின்றபடியே படித்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"இதை நீங்கதானே எழுதினீங்க?"

அவள் பழையதைத் திறந்து வாசித்துக் காட்டினாள். வில்லை அழுத்திப் பிடிக்கிறார். விரலும் வழுக்குகிறது. சுருதி சேர்வதற்குள் வாசிக்கத் தொடங்கிவிடுகிறார். இரண்டாம் காலத்தில் தாளத்தைத் தாண்டி ஓடுகிறார். தவறு செய்தால் நிறுத்தி மன்னிப்புக் கேட்கிறார். கச்சேரியில் அப்படிச் செய்யக் கூடாது. மேடை என்று வரும்போது.

அவ்வளவுதான். அங்கே நின்றிருந்தது. மேலே எழுத டீச்சருக்கு மனசு வரவில்லை, பாவம், பாதியில் விட்டுவிட்டார்கள் என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். புதியதில் அதே வரி தொடர்ந்தது: மேடை என்று வரும்போது, முன்வரிசையில் என் இடப்பக்கம் உட்கார வேண்டும். இந்த ஆண்டு வகுப்பில் நான் காத்திருந்து கேட்பது இவர் வாசிப்பைத்தான்.

ரிப்போர்ட் தயாரிக்கிறவன் வீட்டிலேயே இருக்கிறான், பெட்டி அலமாரி மேலே போன இரண்டே நாளில் இப்படி ஒரு வரி முளைக்கிறது. அவள் இடத்தில் நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். பரிதாபப்பட்டு எழுதியது என்றாள். டேட்டாபேஸைக் காட்டுகிறேன் என்றேன். அதுலயும் நீங்கதானே கை வச்சீங்க என்றாள். டீச்சருக்குப் போன் போடு என்றால், கேட்டு வாங்குகிற இடம் எனக்கு வேண்டாம் என்றாள். எனக்கு அழுகைகூட வந்தது. போட்டது ஒரு வார்த்தை, கெடுத்தது மூன்று வருஷ உழைப்பு.

சனிக்கிழமை பெட்டியோடு இரண்டு பேரும் போனோம். லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து நடந்தோம். மாடியேறினால் வாசலிலேயே டீச்சர் நிற்கிறார். அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர். கையில் ஒரு பட்டியல், காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன். எங்களைப் பார்த்ததும் போனை இறக்கினார்.

"அக்கா, முன்வரிசைக்கு எல்லாரும் மாம்பழ மஞ்சள். என் பக்கத்துல நீங்க வேற கலர் கட்டிட்டு வந்துடாதீங்க. இருக்கா?"

இவள் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். இருக்கு டீச்சர் என்றாள். எங்கள் வீட்டில் மாம்பழ மஞ்சளில் ஒரு கைக்குட்டைகூட இல்லை என்பது எனக்குத் தெரியும். வகுப்பு முடிந்ததும் சிராங்கூன் சாலையில் ஐந்து கடை ஏறி இறங்கினோம். ஒன்று எலுமிச்சை, ஒன்று மஞ்சள்பொடி. ஆறாவது கடையில் கிடைத்தது. எனக்குக் கால் கடுத்தது. அவள் எலுமிச்சைக்கும் மாம்பழத்துக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷன் என்று கடைக்காரரிடம் என்னைப் போட்டுக்கொடுத்தாள். அப்பாடா, மன்னித்துவிட்டாள் என்று தெரிந்தது.

திரும்பும் ரயிலில் பெட்டி அவள் மடியில், புடவை என் மடியில். அடுத்த வருஷம் அனுப்புவதற்கு முன்னால் என் ரிப்போர்ட்டைக் கடைசி வரி வரைக்கும் நீங்க முதலில் படிச்சிடுங்க என்றாள். சத்தியம் அதோடு ரத்து. கொஞ்ச நேரம் கழித்து, சரி, என் வாசிப்பைப் பற்றி நீங்க என்ன நினைக்கிறீங்க என்று கேட்டாள். மூன்று வருஷத்தில் அன்றைக்குத்தான் கேட்டாள்.

"இரண்டாம் காலத்துல ஓடத்தான் செய்யற" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "மீதி?"

பெட்டி அலமாரி மேலே இருந்த அந்த ஐந்து சாயங்காலமும் வீடு வீடாகவே இல்லை என்றேன். மூன்று வருஷமாக ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற மாதிரி நடித்துக்கொண்டு உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்றேன். எதிர் இருக்கையில் இருந்தவர் தமிழர் போலிருக்கிறது, சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். புக்கிட் பாஞ்சாங் வந்ததும் அவள் பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, புடவையை அவள் வாங்கிக்கொண்டாள்.