எனக்காக அவள் போட்ட இடம்

நான் கார் என்றேன், என் மனைவி ரயில் என்றாள். துபாயிலிருந்து மலை தாண்டி இருக்கும் புஜைராவில் ஒரு ஷேரிங் ஃபிளாட்டில் ஒரு மாதத்துக்கு மட்டும் எடுத்திருந்த அறை. பக்கத்து அறைக் குடும்பத்துக்குக் கேட்காமல் குரலை அடக்கிக்கொண்டு இரண்டு நாள் இதற்காகச் சண்டை போட்டோம். துபாயில் ஒரு மாலுக்குள் பனிமலை கட்டி வைத்திருந்தார்கள். வெளியே பாலைவனம், உள்ளே காலில் பலகையைக் கட்டிக்கொண்டு ஆட்கள் சறுக்குகிறார்கள். எங்கள் ஐந்து வயது மகளுக்கு அதைக் காட்ட வேண்டும். விசிட் விசாவில் வந்திருந்த அம்மாவும் மகளும் ஞாயிற்றுக்கிழமை ஊர் திரும்புகிறார்கள். எனக்கு மிச்சம் இருந்தது வார லீவான ஒரே ஒரு வெள்ளிக்கிழமை.

துபாயில் மெட்ரோ ரயில் ஓட ஆரம்பித்துச் சில மாதமே ஆன குளிர்காலம் அது. ஆனாலும் எனக்குக் கார்தான் வேண்டும். ஐந்து முறை ஃபெயிலாகி ஆறாவது முறை வாங்கிய லைசென்ஸ் பர்ஸில் சும்மா கிடந்தது. வாடகைக் கார் கடையில் சின்னதாக ஒரு வெள்ளைக் கார் சொல்லி வைத்திருந்தேன். நான் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்த எண்ணெய் டேங்க் யார்டில், ஃபேமிலியோடு கார் எடுத்துக்கொண்டு ஸ்கீயிங் போகிறேன் என்று எல்லோரிடமும் பீற்றியும் ஆயிற்று. “பாய், கால் உடைஞ்சா லீவ் மாஃபி!” என்று, லீவ் கிடையாது என்பதை அரபியில் சொல்லி, ஃபோர்மேன் கிண்டல் செய்தார். செய்யட்டுமே. மலைப்பாதையில் நான் வண்டி ஓட்ட, என் மகள் அதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

காரணம் இருந்தது. வந்து இருபத்தைந்து நாளாகியும் அவள் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பிறந்தபின் இரண்டே லீவுக்குத்தான் நான் ஊருக்குப் போயிருந்தேன். போனில் “அப்பா, பொம்மை வேணும், சாக்லேட் வேணும்” என்று வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளை, நேரில் என்னைக் கண்டதும் அம்மாவின் சேலைக்குள் புகுந்துகொண்டாள். தண்ணீர் பாட்டில் என் கையில் இருக்கும். அவளோ அம்மாவின் காதில் போய், “அவங்கள தண்ணி தரச் சொல்லும்மா” என்பாள். அவங்க! இந்த நாட்டுக்குள் நுழைய ஸ்பான்சராக ஒரு கபீல் வேண்டும், வேலை மாற வேண்டுமென்றாலும் கபீல் கையெழுத்துப் போட வேண்டும். பெற்ற மகளிடம் பேச எனக்கு என் மனைவிதான் கபீல். சிரித்துக்கொண்டேதான் யார்டில் இதைச் சொன்னேன். சொல்லிவிட்டு பாத்ரூமில் போய் முகம் கழுவினேன்.

கடைசியில் மனைவி சொன்ன ஒரு வார்த்தையில்தான் நான் இறங்கி வந்தேன்.

“ஏங்க, கார்ல போனா நீங்க ரோட்டப் பாப்பீங்க, அவ ஜன்னலப் பாப்பா. உங்க முதுகத்தான் அவ பாத்துக்கிட்டு வரணும். ரயில்னா எதிரும் புதிருமா உக்காரலாம்ல? அவளா ரெண்டு வார்த்தை பேசுவா.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் நியாயத்துக்கு முன்னால் கோபம் என்ன செய்யும்? காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ரயில் துபாய்க்குள் மட்டும்தான் ஓடும். வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஷேர் டாக்ஸி பிடித்து துபாயின் தேராவில் போய் இறங்கினோம். மெட்ரோ ஸ்டேஷன் வாசல் பூட்டிக் கிடந்தது. “ஆஜ் ஜும்மா ஹை பாய், தோ பஜே” என்றார் காவலாளி. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து இரண்டு மணிக்குத்தான் ரயிலாம். முகத்தில் ஈயாடவில்லை எனக்கு. ஏழு வருஷமாக இந்த மண்ணில் இருக்கிறவன், வெள்ளிக்கிழமை காலையில் இங்கே கடைகூடத் திறக்காது என்று தெரிந்தவன், ரயில் மட்டும் எனக்காக ஓடும் என்று நினைத்திருக்கிறேன். “அப்பவே கார்னு சொன்னேன், கேட்டியா?” என்று நடு ரோட்டில் மனைவியின் மேல் பாய்ந்தேன். மகள் அம்மாவின் சுடிதாரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

போவதற்கு டாக்ஸி, திரும்பி வர ரயில் என்று முடிவானது. பனி மண்டபத்தில் கொடுத்த நீலக் கோட்டுக்குள் என் மகள் மூக்கு மட்டும் தெரிய நின்றாள். பலகை கட்டிச் சறுக்கும் மலைப்பக்கம் பழகியவர்களுக்கு மட்டும்தான். எங்களைப் போன்றவர்களுக்குக் கீழே விளையாட ஓர் இடம் விட்டிருந்தார்கள். பனியை அள்ளினாள், வாயில் வைத்துப் பார்த்தாள், “ஐஸ் வண்டி ஐஸ் மாதிரி இனிப்பா இல்லம்மா!” என்று கத்தினாள். ரப்பர் வளையத்தில் உட்கார்ந்து சறுக்க நான் கை நீட்டினேன். அவள் அம்மாவோடுதான் சறுக்கினாள். இருவரும் கீழே போய் விழுந்து சிரித்த சிரிப்பை மேலே நின்று பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. நீட்டிய கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

ரயிலுக்கு வந்தபோது மணி ஐந்து. வெள்ளிக்கிழமைக் கூட்டம், சொல்ல வேண்டுமா? கதவு திறந்ததும் யூனிஃபார்ம் போட்ட ஊழியர் ஒருவர் என் மனைவியையும் மகளையும் ஒரு பக்கம் கைகாட்டி அனுப்பினார், என்னை நெஞ்சுக்கு நேரே கை நீட்டி நிறுத்தினார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பகுதியாம். எதிரும் புதிருமாக உட்காரத்தான் இந்த ரயிலே! அடக் கடவுளே, இது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

நடுவில் கதவுகூடக் கிடையாது. தலைக்கு மேலே ஓர் அறிவிப்பு, ஆண்கள் தாண்டினால் ஃபைன் என்று. அதன் கீழே அந்த ஊழியர். அந்தப் பக்கம் ஒன்றிரண்டு சீட்டுகள் காலியாக இருந்தன. இந்தப் பக்கம் கால் மாற்றி வைக்க இடமில்லை. ஆட்களின் தோள்களுக்கு இடையே எனக்கு என் மகள் தெரிந்தாள்.

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். பனிக்காக வாங்கிய கையுறைகளைக் கழற்றினாள். பக்கத்துச் சீட்டில் ஒன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று என்று பரப்பி வைத்தாள். ஊரில் டவுன் பஸ் நின்றதும் ஜன்னல் வழியாகத் துண்டையோ பையையோ போட்டு இடம் பிடிப்பார்களே, அதேதான். பிறகு எழுந்து நின்று, அந்தப் பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்.

“அப்பா! எடம் போட்டிருக்கேன், வாங்க!”

அம்மாவின் காதில் இல்லை. என்னைப் பார்த்து. நேராக.

நான் ஓரடி எடுத்து வைத்தேன். ஊழியர் திரும்பிப் பார்த்து விரலை ஆட்டினார். நான் நின்றுவிட்டேன். யூனிஃபார்ம் போட்டவன் கையைக் காட்டினால் நிற்க ஏழு வருஷமாகப் பழகிய உடம்பு. விசா, ஃபைன், கம்பெனி, எல்லாம் ஒரு நொடியில் வந்து காலைக் கட்டின. “வர முடியாதும்மா” என்று சொன்னேன். அவளுக்குக் கேட்டிருக்காது. மறுபடியும் கூப்பிட்டாள். “வாங்கப்பா, யாராச்சும் உக்காந்துருவாங்க!”

அடுத்த ஸ்டேஷனில் ஒரு ஃபிலிப்பினோ பெண் ஏறி அந்த இடத்தைக் காட்டிக் கேட்டாள். என் மகள் இரண்டு கையாலும் சீட்டை மூடிக்கொண்டு, “எங்கப்பா வர்றாங்க” என்று தமிழிலேயே சொன்னாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே நின்றாள். அதற்கடுத்த ஸ்டேஷனில் கைக்குழந்தையோடு ஒருத்தி வந்தாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு அவளே கையுறைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

தேராவில் இறங்கியதும் ஓடிப் போய் மகளின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். அப்பாவை விடமாட்டார்கள், அது ரூல் என்று ஏதேதோ சொன்னேன். அவள் அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டு, அவளைக் குனிய வைத்துக் காதில் சொன்னாள்.

“எடம் போட்டேம்மா. அவங்க வரல.”

ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறினார்கள். அன்றைக்கு நான் தாண்டியிருக்க வேண்டும். ஃபைன் போட்டால் போட்டிருக்கட்டும், வேலை போனால்தான் போயிருக்கட்டுமே. அதற்குப் பிறகு எத்தனையோ ரயிலில் போய்விட்டேன். பக்கத்துச் சீட் காலியாக இருந்தால் இன்றைக்கும் அதன் மேல் என் கையை வைத்துக்கொள்வேன்.

இப்போது அவள் காலேஜ் முடித்துவிட்டாள். என்னோடு நன்றாகப் பேசுவாள், சண்டையும் போடுவாள். போன மாதம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன், துபாய் போனது ஞாபகம் இருக்கிறதா என்று.

“பனி நல்லா ஞாபகம் இருக்குப்பா,” என்றாள். “ஆமா, அன்னைக்கு நீங்களும் வந்தீங்களா?”