கடைசிப் பக்கம்

சிங்கப்பூரில் தேக்கா போகும் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் கதை எழுதுகிறவராம். சட்டைப்பையில் மூன்று பேனா, மடியில் கடைசிப் பக்கம் இல்லாத பழைய காமிக்ஸ். ஜன்னலில் தெரிந்த கட்டடங்களுக்கெல்லாம் அங்கே முன்பு இருந்தவற்றின் பெயரையே சொல்லிக்கொண்டு வந்தார்.

"இது வாடகைப் புத்தகம்மா. கடைசிப் பக்கத்தைக் கடைக்காரர் கிழிச்சு வச்சுக்குவார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாத்தான் கொலைகாரன் யாருன்னு காட்டுவார். நான் போறதுக்குள்ள கடையை இடிச்சுட்டாங்க. இப்ப அங்க ஹோட்டல் லா."

நான் மென்பொருள் பொறியாளர். தலைப்பு, இதழ் எண், அட்டைப்பட நிறம் என்று தேடினேன். இரண்டே நிறுத்தத்தில் அந்தப் பக்கம் கைப்பேசியில் இறங்கிவிட்டது. திறக்கப் போனேன்.

அவர் சட்டென்று உள்ளங்கையால் திரையை மூடினார். "ஐயோ, வேணாம்மா! பார்த்துட்டா புத்தகத்தைக் கொடுத்துடணும், அதான் பேச்சு. எங்க கொண்டு போய்க் கொடுப்பேன்?"

அந்தப் பக்கம் இன்னும் என் கைப்பேசியில்தான் இருக்கிறது. நானும் திறக்கவில்லை.